கொரோக்கே கடையில் சிரித்த பெண்

புதிதாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு தொழிலுக்கு வந்திருக்கும் தங்கச்சிகளே, தம்பிகளே, எந்த லென்ஸ் வாங்கலாம், லைட்டை எங்கே வைக்கலாம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி. ஜப்பானில், ஒசாகா நகரத்துக் கடைத்தெரு ஒன்றில் நான் எடுத்த படத்தால், ஒரு பெண் ஒளிந்திருந்த இடம் ஊருக்குத் தெரிந்துபோனது. அதை அவளிடம் சொல்வதா, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவதா என்று கால் மணி நேரம் நடுத்தெருவில் நின்றேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அறந்தாங்கிக்காரி. கோட்டைப்பட்டினம், மணமேல்குடி என்று கடற்கரைப் பக்கம் எங்கள் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபர் எட்டிப் பார்க்க முடியாது. அங்கே நான்தான் ராணி. முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனை மணப்பெண்கள், எத்தனை மாமியார்கள், எத்தனை அழுகை என்று கணக்கே கிடையாது. ஆனால் அந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆல்பம் முடிந்ததும் ஃபிலிம் சுருளையும் சேர்த்துப் பெண்ணின் தாயார் கையில் கொடுத்துவிட வேண்டும். மெமரி கார்டு வந்த பிறகு கார்டையே கொடுக்க வேண்டும். ஒரு காப்பிகூட நம்மிடம் இருக்கக் கூடாது. அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? மற்ற போட்டோகிராபர்கள் கடைச்சுவரெல்லாம் தங்கள் படங்களை மாட்டி வைத்திருந்தபோது, நான் எடுத்ததென்று காட்ட என்னிடம் ஒரு படம் கிடையாது. மாவட்டச் சங்கக் கூட்டத்தில், "அக்கா எடுத்தா சூப்பரா இருக்கும்னு சொல்றாங்க, நாங்கதான் பார்த்ததே இல்ல" என்று கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து எரிச்சலாக இருக்கும்.

முழங்கால் வலி வந்து தொழிலை விட்டேன். மகள் ஒசாகாவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். "உம்மா, மூணு மாசம் வந்து இருங்க, சும்மா ரெஸ்ட் எடுங்க" என்று டிக்கெட் போட்டாள். நான் கேமராவையும் வைத்துக்கொண்டு ஏறினேன். ரெஸ்ட் எடுக்கவா போவேன் நான்?

அந்த ஊர்த் தெருவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வண்டிகூட வராத ரோட்டில் சிவப்பு விளக்குக்காக நாற்பது பேர் நிற்கிறார்கள். ஒரே சைக்கிளில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, நடுவில் கோட்டுப் போட்ட அம்மா. மழை பெய்தால் தெரு முழுக்கக் கண்ணாடி மாதிரி குடைகள், உள்ளே முகங்கள். புலித்தோல் அச்சுப்போட்ட சட்டையில் வரும் பெரியம்மாக்கள், முன்பின் தெரியாத என் கையில் மிட்டாயைத் திணித்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தரும் எனக்காகச் சேலையைச் சரிசெய்யவில்லை, ஒருத்தரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் வாழ்நாளெல்லாம் "இங்கிட்டு பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று கத்திய எனக்கு, கத்தாமலேயே படம் கிடைத்தது. முதல் வாரம் பழக்கதோஷத்தில் கத்தவும் செய்தேன். நின்றுகொண்டே நூடுல்ஸ் உறிஞ்சிய ஓர் ஆபீஸ்காரரைப் பார்த்து, "சார், லைட்டா தலையைத் தூக்குங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் தூக்கினார். படம் பாழாய்ப் போனது.

தினம் காலையில் மகள் ஆபீஸுக்குக் கிளம்பியதும் நானும் கிளம்பிவிடுவேன். நடக்கவே முடியாதென்று தொழிலை விட்டவள், அங்கே கால் வலியை மறந்துபோனேன். மாலையில் அன்றைய படங்களில் நல்லதாக ஐந்தாறை நம் போட்டோகிராபர் குரூப்பில் போடுவேன். குரூப்பே கிடுகிடுத்துப்போனது. "அக்கா, நீங்க எடுத்ததா?" என்று கேட்டவர்களெல்லாம் யார் தெரியுமா, என்னைக் கிண்டல் செய்த அதே ஆட்கள். பொன்னமராவதியில் ஸ்டூடியோவும் ஃப்ளெக்ஸ் கடையும் வைத்திருக்கும் செல்வம் ஒரு படி மேலே போனார். புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தைப் பேசி, நான் திரும்பிய வாரமே என் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போவதாகச் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். என் பெயர் போட்டு என் படம் சுவரில் தொங்கப்போகிறது, அதுவும் இந்த வயதில்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் கூரைபோட்ட நீளமான கடைத்தெரு ஒன்று இருந்தது. அதில் ஒரு கொரோக்கே கடை. கொரோக்கே என்றால் உருளைக்கிழங்கை மசித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பலகாரம். போண்டாவுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு முதலாளி ஒரு வயதான அம்மா. கண்ணாடித் தட்டிக்குப் பின்னால் நின்று பொரித்து எடுத்துக் கொடுப்பது முப்பது வயதுக்காரி ஒருத்தி. முதல் நாள் நான் வாங்கப் போனபோது என் முக்காட்டைப் பார்த்தாள். உடனே போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து எதையோ பேசி என்னிடம் காட்டினாள். "இது பன்றிக் கொழுப்பில் பொரிக்கப்படுகிறது. நீங்கள் உண்ண வேண்டாம்" என்று தமிழில் எழுதியிருந்தது. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று சொன்னாளே, அந்த இடத்திலேயே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் அந்தப் பக்கம் போகும்போது தலையாட்டிக்கொள்வோம். ஆனால் கேமராவைத் தூக்கினால் மட்டும் சட்டென்று முதுகைக் காட்டிவிடுவாள். வெட்கம் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் வெட்கப்படுகிறவர்களைப் படம் பிடிக்கத்தானே நான் பெயர் வாங்கியவள்.

ஒரு நாள் மதியம் எதிர்ச்சாரியில் தூணோரமாக நின்றுகொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சின்னப் பிள்ளை கொரோக்கேயைக் கையில் வாங்கி, சூடு தாங்காமல் குதித்தது. அவள் குனிந்து, காகிதத்தை இரண்டாக மடித்துக் கொடுத்து, வாய்விட்டுச் சிரித்தாள். ஆவி மேலே போகிறது. வெள்ளைத் தொப்பிக்குக் கீழே முகம் முழுக்கச் சிரிப்பு. தலைக்கு மேலே கடையின் பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. அழுத்தினேன். அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான். வீட்டுக்கு ஓடாத குறையாகப் போய் முதல் வேலையாகக் குரூப்பில் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். என்னைக் கண்டதும் அந்தப் பெண் கடையை விட்டு வெளியே ஓடிவந்தாள். போனை நீட்டினாள். "நேற்று என்னைப் படம் எடுத்தீர்கள் என்று முதலாளி சொன்னார். தயவுசெய்து அழித்துவிடுங்கள். என் கணவரிடமிருந்து தப்பி வந்திருக்கிறேன். அவர் என்னைத் தேடுகிறார். நான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது." ஆப் எழுதிய தமிழ், செய்தி வாசிப்பது போல இருந்தது. அவளோ போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். முழங்கைக்கு மேலே சட்டைக்கை விலகியபோது பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. எண்ணெய் தெறித்த தழும்பு அப்படி நீளமாக இருக்காது.

எனக்கு என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. கேமராவைத் திறந்து, அவள் கண்ணெதிரே அந்தப் படத்தைத் தேடி அழித்தேன். முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினேன். அவள் இடுப்பு வரை குனிந்தாள், மறுபடி குனிந்தாள், மறுபடியும். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். குரூப்பில் போட்டது ஞாபகத்துக்கு வரும்போது அவள் கடைக்குள் போய்விட்டிருந்தாள்.

சரி, குரூப்பில்தானே, அழித்துவிடலாம் என்று போனைத் திறந்தால், செல்வத்தின் செய்தி வந்து உட்கார்ந்திருக்கிறது. 'அக்கா, ஒசாகா போட்டோவுக்குன்னே ஒரு பேஜ் இருக்கு, நேத்தே அதுல போட்டுட்டேன். கடை பேரோட, ஏரியா பேரோட. ஜப்பான்காரனே லைக்கா அள்ளிப் போடுறான்.' கீழே இன்னொரு படம். திருமயம் ரோட்டில் ஃப்ளெக்ஸ். ஓர் ஓரத்தில் என் பாஸ்போர்ட் போட்டோ, நடுவில் ஆளுயரத்துக்கு அந்தப் பெண்ணின் சிரிப்பு. அந்த ஃப்ளெக்ஸைத்தானே முப்பது வருஷம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். உடனே செல்வத்துக்குப் போன் போட்டேன்.

நம் ஊரில் அப்போது காலை ஏழுகூட ஆகவில்லை. செல்வம் பல் விளக்கிக்கொண்டே எடுத்தார்.

"செல்வம், அந்தப் படத்தை உடனே எடுங்க. பேஜ்ல இருந்து இப்பவே எடுங்க."

"ஏன்க்கா, கலர் சரியில்லையா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, அந்தப் பொண்ணு புருஷன் திருமயம் ரோட்டுக்கா வந்து பார்க்கப் போறான்? கண்காட்சிக்கே அதான் மெயின் படம். இதை எடுத்துட்டா மீதி படத்துல என்ன இருக்கு?" என்றார்.

"ஃப்ளெக்ஸை விடுங்க. நீங்க போட்ட பேஜைப் பார்க்கிறவன் பூராவும் ஒசாகாக்காரன். அவ புருஷனும் ஜப்பான்காரன்தான். கடை போர்டைப் படிக்க அவனுக்கு ஆப் வேணுமா?"

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. "யா அல்லா" என்றார் செல்வம். என்னோடு பழகிப் பழகி அவருக்கு அது வந்துவிட்டது. "எடுக்குறேன்க்கா. ஒரு நிமிஷம். எடுத்துட்டேன். ஆனா நெறைய பேரு ஷேர் பண்ணிருக்காய்ங்க. அதை என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா." பிறகு தானாகவே, "ஏணியை எடுத்துட்டுப் போறேன், ஃப்ளெக்ஸையும் இறக்கிடுறேன்" என்று வைத்தார். பாவம், மனுஷன் என்மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார். அவரைத் திட்டி என்ன புண்ணியம். கொடுத்தது நான்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் பயந்துவிட்டாள். "உம்மா, அழிச்சாச்சுல்ல, பேசாம வீட்டுக்கு வாங்க. நீங்க போய் சொன்னீங்கன்னா அந்தம்மா போலீஸுக்குப் போவாங்க. ஒங்க விசா, என் வேலை எல்லாம் இருக்கு. பேஜ்லயும் எடுத்தாச்சு. ஒரு ராத்திரிதானே இருந்துச்சு, யாரு பார்த்திருக்கப் போறா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பானங்கள் விற்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு அதையே எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அழித்தாயிற்று. எடுத்தாயிற்று. அவளும் நிம்மதியாகிவிட்டாள். இப்போது போய்ச் சொன்னால் அந்த நிம்மதி போய்விடும். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்றுகூட ஒரு நியாயம் கிடைத்தது. தம்பிகளே, தங்கச்சிகளே, தப்புச் செய்த பிறகு அடுத்தவர் நன்மைக்காக மறைக்கிறேன் என்று மனசு சொன்னால் அதை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் அது நம் வக்கீல்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வக்கீல் பேச்சை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ஃபிலிம் காலம். கோட்டைப்பட்டினத்துக் கல்யாணம் ஒன்று. பிரிண்ட் போட்ட லேபில் மணப்பெண்ணின் படத்தை ஒன்று கூடுதலாகப் போட்டு, அழகாக இருக்கிறதென்று ஷோகேஸில் வைத்துவிட்டார்கள். நான்தான் தற்செயலாகப் பார்த்தேன். சண்டை போட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன். பெண்ணின் தாயாரிடம் மூச்சு விடவில்லை. ஒரு மாதம் கழித்து, ஷோகேஸில் அந்தப் படத்தைப் பார்த்த யாரோ மாப்பிள்ளை வீட்டில் சொல்லி, அந்தப் பிள்ளை புகுந்த வீட்டில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தாயார் என்னைத் தேடி வந்தார்கள். கத்தவில்லை. "படம் வெளிய போனதைக்கூட நான் சமாளிச்சிருப்பேம்மா. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியல. முன்னாடியே சொல்லிருந்தா நானே போய் சம்பந்தி காதுல போட்டிருப்பேன்ல" என்றார்கள். நான் உட்காரக்கூடச் சொல்லாமல் நின்றேன். அந்த வீட்டு வேலை அதற்கப்புறம் எனக்கு வரவில்லை. அது போகட்டும், அந்தப் பிள்ளை முகத்தை இன்றைக்கு வரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மெஷின் பக்கத்திலிருந்து கடைக்கு முப்பது அடிகூட இருக்காது. நடந்து போய் அவள் முன்னால் நின்றேன். ஆப்பைத் திறந்து தமிழில் பேசினேன். சுற்றி வளைத்தால் ஆப்புக்குப் புரியாது என்பதால் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னேன். நேற்றே படத்தை ஊருக்கு அனுப்பிவிட்டேன். நண்பர் அதை ஒசாகா பக்கம் ஒன்றில் போட்டார். கடையின் பெயர் இருந்தது. இப்போது எடுத்துவிட்டோம். பலர் பகிர்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் முன்பு நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு.

போன் அதை ஜப்பானிய மொழியில் உரக்கப் படித்தது. முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எரித்துவிடும் பார்வை. அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை, அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எத்தனை மணிக்குப் போட்டார்கள்?"

நேரம் சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். அடுப்பை அணைத்தாள். தொப்பியைக் கழற்றினாள், ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்து மேடைமேல் வைத்தாள். முதலாளியம்மாவிடம் வேகமாக ஏதோ பேசினாள். அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். தயாராகக் கட்டி வைத்திருந்த பை. இப்படி ஒரு நாள் வருமென்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது என் போனைக் கேட்டாள். படத்தைப் பார்க்க வேண்டுமாம். செல்வத்தோடு பேசிய பதற்றத்தில் குரூப்பில் அழிக்க மறந்திருந்தேன், அது இன்னும் அங்கேயே இருந்தது, காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் முகத்தை யாரோ தெரியாதவர் முகத்தைப் பார்ப்பது போல உற்றுப் பார்த்தாள். பிறகு அவளே என் விரலைப் பிடித்து அழிக்கும் இடத்தில் வைத்தாள். நான் அழுத்தினேன். குனியவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை, பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். நன்றி சொல்ல என்ன இருக்கிறது?

மகளிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். தட்டில் சோற்றைப் போட்டு, "சாப்பிடுங்க உம்மா" என்று மட்டும் சொன்னாள். போலீஸ் வரவில்லை. நானும் மூன்று நாள் கேமராவைத் தொடவில்லை. நாலாவது நாள் வீட்டுக்குள் இருக்க முடியாமல் எடுத்துக்கொண்டு போனேன். கால் தானாக அந்தக் கடைத்தெருவுக்குத்தான் போனது. முதலாளியம்மா கண்ணாடித் தட்டிக்குப் பக்கத்தில் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

அப்போது ஒரு ஆள் வந்தான். நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் மாதிரியே இல்லை. படிய வாரிய தலை, நல்ல கோட்டு, கையில் ஆபீஸ் பை. முதலாளியம்மாவிடம் மரியாதையாகக் குனிந்து, போனில் எதையோ காட்டிக் கேட்டான். அவர் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார், காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். அவன் திரும்பினான். என் கழுத்தில் கேமரா தொங்கியதைப் பார்த்து என்னிடம் வந்தான். போனை என் முகத்துக்கு நேரே காட்டினான்.

என் படம். பிள்ளையை வெட்டிவிட்டு, ஆவியை வெட்டிவிட்டு, சிரிப்பை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தான். மேலே கடைப்பலகையின் பாதி எழுத்து.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன், தமிழிலேயே. அவனுக்கு வார்த்தை புரியவில்லை, தலையாட்டல் புரிந்தது. எனக்கும் குனிந்து நன்றி சொன்னான். அடுத்த கடைக்குப் போனான்.

நான் முதலாளியம்மாவைப் பார்த்தேன். கத்தியை மேடைமேல் வைத்துவிட்டு, அதுவரை என்னைப் பார்க்காதது போல இருந்தவர், என்னை நேராகப் பார்த்தார். அந்த ஆள் நின்று கேட்ட இடத்துக்கும், அவள் நின்று பொரிக்கும் இடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடித் தட்டி மட்டும்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அன்றைக்கு அந்த இடத்தில் யாரும் இல்லை.